வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு: எந்த சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம். நானே பாடி, கீபோர்டும் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? (சேலம் வாசகி)

ரீப்பர். இப்போதைக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். 60 நாள் எல்லா வசதியோடும் ஓடும். கைக்குப் பழகிவிட்டால் 60 டாலர் கட்டுங்கள். சொந்த உபயோகத்துக்கு அதுதான் விலை. உங்கள் லேப்டாப்புக்கு அது பாரமே இல்லை. வாத்திய ஒலிகள் கூடவே அதிகம் வராது என்பதுதான் குறை. கீபோர்டின் சொந்த ஒலியை ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கையும் வாத்தியத்தையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) லைன் இன்புட்டில் கொடுத்துப் பதிவு செய்தால் அந்தக் குறை தெரியாது. மிச்சப் பணம் மைக்குக்குப் போகட்டும். முழுக்க இலவசமாக வேண்டுமென்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இருக்கிறது. டிராக் (குரல், கீபோர்டு என்று தனித்தனியாகப் பதிவாகும் வரிசை) எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது.

கேள்வி: இலவசப் பதிவு சாஃப்ட்வேரான ஆடாசிட்டி போதாதா?

குரல் மட்டும் என்றால் போதும். கீபோர்டை மிடியாக, அதாவது ஒலியாக இல்லாமல் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள் என்ற குறிப்பாக, பதிவு செய்ய அதில் வழியில்லை.

கேள்வி: கம்ப்யூட்டர் கடையில் ஒரு பதிவு சாஃப்ட்வேரை ‘ஒரிஜினல் ஃபுல் வெர்ஷன்’ என்று 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்றித் தந்தார்கள். விண்டோஸ் அப்டேட் ஆனதும் திறக்கவே இல்லை. கடைக்காரர் கைவிரிக்கிறார். ஆறு மாதப் பாட்டுகள் உள்ளே இருக்கின்றன. (மதுரை வாசகர்)

பாட்டுகள் போய்விடவில்லை, அதை முதலில் நம்புங்கள். பூட்டிக்கொண்டது சாஃப்ட்வேர்தான், நீங்கள் பாடியவை ஹார்ட் டிஸ்கில் வேவ் கோப்புகளாகக் கிடக்கும், பெரும்பாலும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ‘ஆடியோ’ என்ற ஃபோல்டரில். இணையத்தைத் துண்டித்துவிட்டு அவற்றை மட்டும் வெளி டிஸ்கில் எடுங்கள். கடைக்காரர் தந்த இன்ஸ்டாலரை எடுக்காதீர்கள்.

உங்களுக்கு விற்றது பூட்டுடைத்த திருட்டுப் பிரதியாகத்தான் இருக்க வேண்டும். ஒரிஜினல் என்றால் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் லைசென்ஸ் வந்திருக்கும். திருட்டுப் பிரதியோடு வைரஸும் வந்திருக்கலாம். அதனால் விண்டோஸைப் புதிதாக நிறுவி, பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

பில் இருக்கிறதா? இல்லையென்றால் ஜிபே ரசீது, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எது இருந்தாலும் பத்திரப்படுத்தி 1915-க்கு அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஒரிஜினல் என்று நம்பித்தானே காசு கொடுத்தீர்கள்? இதில் தப்பு உங்களுடையது இல்லை.

கேள்வி: பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது. வேறு சாஃப்ட்வேர் வாங்கட்டுமா?

வேண்டாம். தாமதம் டிரைவரிலும் (இன்டர்ஃபேஸை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்) பஃபரிலும் (கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்ற அளவு) இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் ஒரு வழிக்கே சுமார் 21 மில்லி செகண்ட், போகவர இரட்டிப்பு. 128 என்றால் ஒரு வழிக்கு 2.7தான். இன்டர்ஃபேஸ் கம்பெனியின் ஏசியோ டிரைவரை ஏற்றி, சாஃப்ட்வேரின் ஆடியோ டிவைஸ் செட்டிங்கில் அதையே தேர்ந்தெடுத்து, பாடும்போது 128 வையுங்கள். ஒலி படபட என்று வெடித்தால் 256. மிக்ஸிங்கின்போது 1024-க்குப் போய்விடலாம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் (குரலைக் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்குத் தருவது) இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. அதை அமுக்கிவிட்டு, சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரை அணையுங்கள். அணைக்காவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். புளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு ஆகவே ஆகாது.

கேள்வி: மாதச் சந்தாவில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் மலிவாகத் தெரிகிறது. எடுக்கலாமா? (ஈரோடு)

மாதத் தொகையைப் பார்க்காதீர்கள், 36-ஆல் பெருக்கிப் பாருங்கள். மூன்று வருடச் சந்தாவில் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்ற நிலை பல சாஃப்ட்வேர்களில் உண்டு. இன்னும் எனக்குப் பொறுக்காத விஷயம், சந்தா நின்றால் உங்கள் பாட்டை நீங்களே முழுதாகத் திறக்க முடியாமல் போவது. குரலும் மெட்டும் உழைப்பும் உங்களுடையவை. இரண்டு வருடம் கழித்து ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி வாடகை கட்ட வேண்டும். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஓராண்டுச் சந்தாவில் நானும் பணத்தை விட்டவன். புதுப்பிக்கும் தேதி மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர்கள் நிறுத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக, எல்லாம் பூஜ்ஜியம் நொடியிலிருந்து தொடங்கும்படி, 24 பிட் வேவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எஃபெக்ட் போட்டது ஒரு பிரதி, போடாதது ஒரு பிரதி. மிடி தனிக் கோப்பாக. பாட்டின் டெம்போ (வேகம்), சாம்பிள் ரேட் (48 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்) இரண்டையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 8.64 எம்பிதான், இடம் ஒரு சாக்கு இல்லை. இப்படி எடுத்து வைத்த பாட்டை எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கலாம்.

கேள்வி: எஃப்எல் ஸ்டுடியோ ஃப்ரூட்டி எடிஷன் வாங்கினேன். மைக்கில் பதிவே ஆகவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. குரல் பதிவு ப்ரொட்யூசர் எடிஷனிலிருந்துதான். எந்த எடிஷனில் என்ன உண்டு என்ற பட்டியல் வாங்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்திருக்கலாம். கூடுதல் தொகை கட்டி மேல் எடிஷனுக்குப் போக வழியுண்டு. படிக்கும் மற்றவர்களுக்கு: அதன் இலவசச் சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், சேமித்ததை மீண்டும் திறக்க வாங்கியாக வேண்டும். பெரிய வேலையை அதில் தொடங்காதீர்கள்.

கேள்வி: சினிமாப் பாட்டுத் தரம் தரும் சாஃப்ட்வேர் எது?

அப்படி ஒன்று இல்லை.

கேள்வி: கர்நாடக சங்கீதம் பாடுகிறேன். ஸ்ருதி திருத்தும் ப்ளக்இன் (பதிவு சாஃப்ட்வேருக்குள் ஓடும் துணை நிரல்) போட்டதும் கமகம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது. விலை கூடியது வாங்கினால் சரியாகுமா?

விலையால் சரியாகாது. ஆட்டோமேட்டிக் முறை, ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடையில் நீங்கள் இழைத்துப் போவதைப் பிழை என்று எண்ணி அருகிலுள்ள ஸ்தானத்துக்கு இழுக்கிறது. அதை அணைத்துவிட்டு, கையால் திருத்தும் முறைக்குப் போங்கள். ரீப்பருடன் வரும் ரீட்யூனிலேயே அது இருக்கிறது. கார்வையில் இறங்கி நிற்கும் ஸ்வரத்தை மட்டும் தொடுங்கள், அசைவுள்ள இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு வரியில் மூன்று இடத்துக்கு மேல் திருத்த வேண்டியிருந்தால், தம்பூராவை ஹெட்ஃபோனில் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி பாடிவிடுங்கள்.