விற்பனை ஏறவில்லை என்றால் மென்பொருள் வீணா?

நண்பரே, உதிரிபாகக் கடைக்கு 8 லட்சம் போட்டு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் வாங்கி ஒரு வருடமாகியும் விற்பனை ஏறவில்லை, பங்குதாரர் கணக்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பலனை விற்பனையில் தேடாதீர்கள். அது முதலில் குடோனிலும் வசூலிலும்தான் தெரியும்.

மென்பொருள் வாங்குவதற்கு முந்தைய மார்ச் 31 ஸ்டாக் கணக்கை ஆடிட்டரிடம் கேளுங்கள். அன்று 40 லட்சம், இன்று அதே விற்பனைக்கு 34 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 6 லட்சத்தை அப்படியே லாபமாக எழுதிவிடக் கூடாது. ரேக்கில் முடங்கிக் கிடந்த உங்கள் பணம் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். வங்கிக் கடன் வட்டி 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய் மிச்சம். பாக்கி வசூலாகும் நாட்கள் குறைந்திருந்தால் அதற்கும் இதே கணக்கு. அப்புறம் வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தைக் கழியுங்கள்.

எங்கள் பேரிங் கடையில் முதல் வருடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. கவுன்டரில் பழையபடி நோட்டில் எழுதி, ராத்திரி மொத்தமாகப் பதிவு செய்தார்கள். திரையில் தெரிந்த ஸ்டாக்கை நம்பி யாரும் ஆர்டர் போடவில்லை. நோட்டை நிறுத்திய பிறகுதான் சரக்கு குறைய ஆரம்பித்தது. உங்கள் கவுன்டரில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.