பழைய கடன்காரருக்கு மட்டும் ஏன் கூடுதல் வட்டி? – கேள்வி பதில்

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வருஷக்கணக்கில் ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு ஒரு விலை, நேற்று வந்தவருக்கு ஒரு விலையா என்று பலர் கேட்டிருந்தீர்கள். என் பதில்கள் கீழே.

சேலம்: 2017-ல் வாங்கிய கடன் சார். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. எனக்கு 9.5 சதவீதம், போன மாதம் அதே கிளையில் வாங்கிய என் சகலைக்கு 8.5. இது நியாயமா?

நியாயமில்லை, ஆனால் விதிப்படி சரி. உங்களுடையது அநேகமாக எம்.சி.எல்.ஆர். கடன். அந்த வட்டியை வங்கி தன் சொந்தச் செலவுக் கணக்கை வைத்து நிர்ணயிக்கும். ஏறும்போது வேகம், இறங்கும்போது ஆமை. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புது மிதவை வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடன்கள், ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். பழைய கடனைத் தானாக மாற்றித் தர வங்கிக்குக் கட்டாயமில்லை. நீங்கள் எழுதிக் கேட்டால், நியாயமான நிர்வாகச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்ற வேண்டும். உங்களைப் போலக் கேட்காமல் இருக்கிறவர்களை நம்பித்தான் இந்த ஏற்பாடே ஓடுகிறது.

30 லட்சம் பாக்கி, 15 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். 9.5-க்கு இ.எம்.ஐ. சுமார் 31,330 ரூபாய், 8.5-க்கு 29,540. மாதம் 1,790 வீதம் கடைசிவரை போனால் மூன்று லட்சத்துக்கு மேல். ஒரு மனு எழுத இது போதாதா?

மதுரை: என்னுடையது 2021 கடன், ரெப்போவில்தான் இருக்கிறது. அப்படியும் புதியவர்களைவிட அரை சதவீதம் கூட.

ரெப்போ எல்லோருக்கும் ஒன்றுதான். 2025-ல் அது 6.50-லிருந்து 5.25 வரை இறங்கியது உங்களுக்கும் வந்திருக்கும். வித்தியாசம் அதன் மேல் வைக்கும் ‘ஸ்ப்ரெட்’டில். கையெழுத்துப் போட்ட அன்று எழுதியது அப்படியே நிற்கும். புது ஆளை இழுக்க வங்கி அதைக் குறைத்துக் கொடுக்கிறது. மூன்று வருஷத்துக்குள் ஸ்ப்ரெட்டில் கை வைக்க முடியாது என்று முன்பு சொல்வார்கள். வாடிக்கையாளரைத் தக்கவைக்க முன்கூட்டியே குறைத்துக்கொள்ளலாம் என்று 2025-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. உங்கள் கடனுக்கோ மூன்று வருஷமே தாண்டிவிட்டது. ‘ரூல் இல்லை சார்’ என்றால் நம்பாதீர்கள்.

திருச்சி: கேட்டேன் அண்ணா. ‘பார்க்கலாம்’ என்று அனுப்பிவிட்டார்கள்.

வாயால் கேட்டால் அப்படித்தான். வேறு வங்கியின் சாங்ஷன் லெட்டரை (கடன் தரச் சம்மதித்த கடிதம்) வாங்கிக்கொண்டு, உங்கள் கிளையில் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட்டும் (கடனை முழுதாக அடைக்க எவ்வளவு என்று காட்டும் தாள்) பத்திரங்களின் பட்டியலும் (எல்.ஓ.டி.) எழுத்தில் கேளுங்கள். கடன் கைமாறப் போகிறது என்பதற்கு அந்த இரண்டு தாளும்தான் அடையாளம். வட்டியைக் குறைக்கிறோம் என்று பெரும்பாலும் அன்று சாயங்காலமே போன் வரும். தனிநபரின் மிதவை வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது.

ஈரோடு: தம்பி, இன்னும் மூணு வருஷம்தான் பாக்கி. மாத்தலாமா?

வேண்டாம்மா. வட்டியில் பெரும்பகுதியைக் கட்டி முடித்துவிட்டீர்கள். வேறு வங்கிக்குப் போனால் பிராசஸிங் கட்டணம், லீகல் ஒப்பீனியன், பழைய எம்.ஓ.டி.யை (பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பதிவு) ரத்து செய்து சார்பதிவாளர் அலுவலகத்தில் புதிது பதியும் செலவு எல்லாம் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிடும். இருக்கிற வங்கியிலேயே குறைக்கச் சொல்லுங்கள்.

தாம்பரம்: என்னுடையது வீட்டு வசதி நிதி நிறுவனக் கடன். இதே விதிதானா?

இல்லை. ரெப்போ கட்டாயம் வங்கிகளுக்கு மட்டும். நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்த பி.எல்.ஆர். (தாங்களே வைத்துக்கொள்ளும் அடிப்படை வட்டி) கணக்கை வைத்திருக்கின்றன, ‘கன்வர்ஷன் ஃபீஸ்’ கட்டினால் குறைப்பார்கள். பழைய ஆள் காசு கொடுத்துத்தான் புது ஆளின் வட்டியைப் பெற வேண்டும் என்பது எனக்கு இன்றும் எரிச்சல்.

லண்டன்: இங்கே இன்சூரன்ஸில் இதைத் தடுத்துவிட்டார்களே?

ஆமாம். 2022 ஜனவரி 1 முதல் வீடு, வாகன பாலிசியைப் புதுப்பிக்கும்போது புதியவருக்குச் சொல்லும் விலைக்கு மேல் பழையவரிடம் வாங்கக் கூடாது. நம் வீட்டுக் கடனில் அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை.

கோவை: கார் இன்சூரன்ஸ் கம்பெனி மாறினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமா?

போகாது. கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகத் தரும் அந்தத் தள்ளுபடி உங்களுடையது, கம்பெனியுடையது அல்ல. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்துவிடுங்கள்.