சோடியம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் உப்பைக் கூட்டத்தானே வேண்டும்?

கேட்டவரின் அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. கால் வீங்கியிருக்கிறது, ரத்தத்தில் சோடியம் 128. டாக்டரோ உப்போடு தண்ணீரையும் குறைக்கச் சொல்கிறார். குழப்பம் நியாயமானதுதான்.

என் அம்மாவுக்கும் இதே கதை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சாப்பாட்டில் உப்பைக் கூட்டக் கிளம்பினேன். வார்டில் இருந்த நர்ஸ்தான் தடுத்தார்: "உப்பு குறையலைங்க, தண்ணி கூடியிருக்கு."

உடம்பில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் சொல்வதும், தனக்கு வந்து சேரும் ரத்தத்தின் அழுத்தமும்தான் அதற்குத் தெரியும். இதயம் சரியாகப் பம்ப் செய்யாதபோது தமனிப் பக்கம் வறண்டதுபோல் தோன்றும். ரத்தம் கொட்டிப்போன ஆளுக்கும் இதயம் தளர்ந்த ஆளுக்கும் இந்த உணரிகள் வித்தியாசம் பார்ப்பதில்லை. காலில் தண்ணீர் கோத்து நிற்பது அவற்றின் கணக்கிலேயே வராது.

உடனே சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் வேலையால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாகிறது, அப்புறம் ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன். ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்து வைக்க, பின்னாலேயே தண்ணீரும் தங்குகிறது. இதோடு நின்றால் சோடியம் அளவு பெரிதாக இறங்காது. இறக்குவது வாசோபிரஸின் என்ற ஹார்மோன். சாதாரணமாக ரத்தம் கொஞ்சம் கெட்டியானால்தான் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து இது வெளிவரும். இதயச் செயலிழப்பில் ரத்தம் நீர்த்திருக்கும்போதே, அழுத்தம் குறைவு என்ற செய்தியை நம்பி வெளிவருகிறது. சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்ச் செல்களுக்குள் அக்வாபோரின்-2 என்ற நீர்க்கதவுகள் மடித்து வைத்ததுபோல் கிடக்கும். வாசோபிரஸின் வந்ததும் அவை செல்லின் விளிம்புக்கு நகர்ந்து திறந்துகொள்ளும். அதன் வழியே உப்பில்லாத வெறும் தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. போதாததற்கு ஆஞ்சியோடென்சின் தாகத்தையும் தூண்டும். அம்மா உதட்டை நனைத்து நனைத்து "ஒரு வாய் கொடேன்" என்று கேட்டதை நான் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

இதயமும் சும்மா இருப்பதில்லை. உப்பை வெளியேற்றும் ஹார்மோன் ஒன்றை அதுவே சுரக்கிறது; 1981-இல் ஆராய்ச்சியாளர் டி போல்டு குழுவினர் காட்டியது இதைத்தான். இதயச் செயலிழப்பைக் கண்டறியச் செய்யும் பிஎன்பி ரத்தப் பரிசோதனை அளப்பது அதே குடும்பத்துச் சரக்கு. ஆனால் எதிரணியின் பலத்துக்கு முன்னால் அது எடுபடுவதில்லை.

வாசோபிரஸினைத் தடுக்கும் டோல்வாப்டான் என்ற மருந்து சோடியத்தை ஏற்றிக் காட்டும். ஆனால் 2007-இல் வெளியான எவரெஸ்ட் ஆய்வில் அது ஆயுளைக் கூட்டவில்லை. ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனோ, 1999-இல் வந்த ரேல்ஸ் ஆய்வில், முற்றிய நோயாளிகளின் இறப்பை 30 சதவீதம் குறைத்தது. அதனால் எண்ணை மட்டும் துரத்தாதீர்கள் என்பது என் கருத்து.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையாலும் சிலருக்குச் சோடியம் இறங்கும். எது காரணம் என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். இன்னொன்று, "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு அது ஆபத்து, கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் அப்பாவை எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.