புதுப் பற்றரி போட்டும் காலையில் கார் ஸ்டார்ட் எடுக்குதில்லை, ஆல்டர்னேட்டர் மாற்றத்தான் வேணுமா?

மாற்றலாம், ஆனால் அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற சாமான்.

உங்கள் கேள்வியில் இருந்து எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: டொயோட்டா கொரோலா 110 கார், பற்றரி மாற்றிச் சில கிழமைதான் ஆகிறது, திரும்பவும் காலையில் 'டிக் டிக்' என்று நிற்கிறது, கராஜ்காரர் பொனட்டைத் தூக்கிய கையோடு ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றார். கார் வெளியில்தான் நிற்கிறது, தினமும் ஓடுவதில்லை, முதலில் பற்றரியை மாற்றச் சொன்னவரும் இதே ஆள்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பிழை என்றால் திருத்துங்கள்.

நான் மெக்கானிக் இல்லை, களுவாஞ்சிகுடிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். "டீச்சர்மார் பாடத்தைப் பாருங்க, எஞ்சினை எங்களிட்ட விடுங்க" என்று கீழே எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம், கடைசிவரை வாசித்துவிட்டு எழுதினால் நல்லது. எல்லா பாஸ்மாரும் (கராஜ் மெக்கானிக்மாரும்) ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் காரைச் சரிப்படுத்தியவரும் ஒரு பாஸ்தான்.

என்னுடையதும் 110தான், அப்பா வைத்திருந்தது. மாரி மழை நேரம் அம்பாறையில் ஒரு செயலமர்வு முடிந்து பொழுதுபட்ட பிறகு திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசி, வைப்பர், ஹெட்லைட், பின்கண்ணாடி சூடாக்கி எல்லாம் போட்டிருந்தது. சம்மாந்துறை வயல்களுக்கு நடுவில் வரும்போது ரோடு மங்கிக்கொண்டே போனது. மழை கூடிவிட்டது என்றுதான் பக்கத்தில் இருந்த எங்கட அவர் சொன்னார். வைப்பர் ஆறுதலாக ஏறி இறங்கத் தொடங்கியபோதுதான் டாஷ்போர்டைப் பார்த்தேன். சார்ஜ் லைட் எரியவும் இல்லை, அணையவும் இல்லை, ஊதுபத்தி நுனி மாதிரி ஒரு சிவப்பு. அக்ஸிலேட்டரை மிதித்தால் ஹெட்லைட் கொஞ்சம் தெளிந்தது, விட்டால் திரும்ப மங்கல். ஏசி, ரேடியோ, பின்கண்ணாடி எல்லாவற்றையும் நிறுத்தி, லோ பீமில் எஞ்சினை நிற்பாட்டாமல் வீடுவரை கொண்டுவந்து சேர்த்தேன். உங்களுக்கும் வழியில் அப்படி நடந்தால் இதைத்தான் செய்யுங்கள், நிற்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் எடுக்காது.

அடுத்தநாள் கிட்டவுள்ள ஒரு கராஜுக்குப் போனோம். ஓட்டிக்கொண்டு போனது நான், காரும் என் பெயரில். எங்கட அவருக்கு மோட்டார் சைக்கிளோடு சரி, கார் லைசன்சே இல்லை. ஆனால் அந்த பாஸ் ஆரம்பத்தில் இருந்து முடிவுவரை அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "சேர், பற்றரி செத்திட்டு. புதுசு ஒண்டு போடுவம்." ஆல்டர்னேட்டரைப் பார்க்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, "சேர், எஞ்சின் ஓடக்குள்ள பற்றரி வயரைக் கழட்டிப் பாப்பம், எஞ்சின் நிக்காட்டி ஆல்டர்னேட்டர் நல்லம்" என்று ஸ்பனரை எடுத்துவிட்டார். கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப்பேர் இன்னும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். அந்தக் காலத்து ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரில் கம்பியூட்டர் இல்லை, ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ. 110இல் எஞ்சினை நடத்துவதே ஒரு கம்பியூட்டர் பெட்டி. ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கும்போது பற்றரியைப் பிரித்தால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, ஒரு கணத்தில் வோல்ட் பல பத்துக்குத் தாவும். வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரோ கம்பியூட்டரோ அதில் போகலாம். இவ்வளவு ஆபத்தை எடுத்தும் உண்மை தெரியுமா என்றால் தெரியாது. ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற டயோட்கள் இருக்கின்றன; அதில் ஒன்று செத்த ஆல்டர்னேட்டர்கூட எஞ்சினை ஓடவைக்கப் போதுமான மின்சாரம் கொடுக்கும். என்னுடையதில் எஞ்சின் நின்றிருக்காது, ஆல்டர்னேட்டர் நல்லம் என்று சொல்லிப் புதுப் பற்றரியைத் தலையில் கட்டியிருப்பார்கள். உங்களுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

சரி, அளப்பது எப்படி? ஹார்ட்வெயார் கடையில் விற்கிற மலிவான மல்டிமீற்றர் போதும். எஞ்சின் நின்று சில மணித்தியாலம் ஆன பிறகு பற்றரியின் இரண்டு தலையிலும் டீசீயில் (நேரோட்ட வோல்ட்டில்) வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி. பிறகு ஸ்டார்ட் பண்ணி அதே இடத்தில் பாருங்கள். 13.8இல் இருந்து 14.5 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. லைட், ஏசி, ஃபேன் எல்லாம் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாலும் 13.5க்குக் கீழே போகக்கூடாது. 15ஐத் தாண்டினால் அது வேறு நோய், ரெகுலேட்டர் பற்றரியை அவிக்கிறது. என்னுடையது ஐடிலில் (அக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 12.4தான் காட்டியது, உயர்த்தினால் 13, எல்லாம் போட்டால் 12க்குக் கீழே.

இதோடு ஆல்டர்னேட்டர் என்று முடிவு கட்டாதீர்கள். ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற பெல்ட் தளர்ந்தாலும் இதே அளவுதான் வரும், ஏசி போட்டவுடன் கீச்சென்று கத்தினால் முதல் சந்தேகம் அதில். அடுத்தது வயர். எங்கள் கரையோரம் கல்லடியில் இருந்து பொத்துவில் வரை உப்புக்காற்று, எர்த் வயரின் நுனி பச்சை பூத்துப்போய்க் கிடக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. எஞ்சின் ஓடும்போது, லைட் போட்டபடி, மீற்றரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்பக்கத் தடித்த வயர் பூட்டியிருக்கிற ஆணியிலும் மற்றதைப் பற்றரியின் பிளஸிலும் வையுங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பற்றரியின் மைனஸுக்கும் இடையில். இரண்டும் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் என்றால் வழியில் எங்கோ அரிப்பு, சாமான் மாற்றி வேலையில்லை. பெல்ட்டுக்குள் வயரோ சாரி நுனியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயோட்டைப் பிடிப்பதற்கு மீற்றரை ஏசீ வோல்ட்டுக்குத் (ஆடலோட்டம், குளிரூட்டுகிற ஏசி இல்லை) திருப்பி, எஞ்சின் ஓடும்போது பற்றரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோட் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சில மலிவு மீற்றர் எஞ்சின் நிற்கும்போதே ஏசீயில் 25, 26 என்று காட்டும். அந்த மீற்றரை இந்த வேலைக்கு நம்பவேண்டாம். மின்னியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், அரை வோல்ட் என்பது கைக்கணக்குத்தான், மின் அலையைத் திரையில் காட்டுகிற ஒசிலோஸ்கோப் வைத்துப் பார்ப்பது மேல் என்று எனக்கும் தெரியும், களுவாஞ்சிகுடியில் யாரிடம் இருக்கிறது?

ஒசிலோஸ்கோப்பை விடுங்கள், சின்ன மின்னோட்டத்தை முள்ளால் காட்டுகிற கல்வனோமானிக்கே பள்ளிக்கூடத்தில் வழியில்லை. பதினோராம் ஆண்டுக்கு மின்காந்தத் தூண்டல் படிப்பிக்கவேண்டும், சுருளுக்குள் காந்தத்தைத் தள்ளினால் முள் அசையும் என்று கரும்பலகையில் முள்ளைக் கீறிக் காட்டுகிறேன். நான் இருந்த ஒரு பாடசாலையில் அலுமாரிக்குள் நல்ல கல்வனோமானிகள் பொலித்தீன் பிரிக்காமலே இருந்தன. எடுத்தால் உடையும், உடைந்தால் இன்வென்ரரிப் புத்தகத்தில் யார் கையெழுத்து வைப்பது என்ற பயம். வருடா வருடம் எண்ணிப் பார்ப்பதற்கு மட்டும் அலுமாரி திறக்கும். என் பழைய ஆல்டர்னேட்டரைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனபோது, இதையும் பதியவேண்டுமா என்று கேட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாத கதைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்முனையில் எலெக்ட்ரிக் வேலை செய்கிற ஒரு நானாவிடம் போய் என் அளவுகளைக் காட்டினேன். துண்டை வாங்கி வாசித்துவிட்டு, "டீச்சர், இது டயோட், கழட்டுவம்" என்றார், என்னைப் பார்த்து. பிரித்து டயோட் தட்டை வெளியில் எடுத்து, ஒரு சின்ன பல்பும் பற்றரியும் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நல்ல டயோட் ஒரு பக்கம் தொட்டால் பல்பு எரியும், வயரை மாற்றித் தொட்டால் எரியாது. ஒன்று மட்டும் எந்தப் பக்கம் தொட்டாலும் எரியவில்லை. உள்ளே சுழலுகிற பகுதிக்கு மின்சாரம் கொடுக்கிற காபன் பிரஷ்ஷும் தேய்ந்து முடிகிற கட்டம். டொயோட்டாவில் புதிது 10.5 மில்லிமீற்றர் வெளியில் நிற்கும், 1.5க்கு வந்தால் மாற்றவேண்டும். பிரஷ்ஷும் டயோட் தட்டும் மட்டும் என்றால் மாற்றிவிட்டுப் பழையதையே பூட்டியிருப்பேன், அதுதான் மலிவு, உங்கள் பாஸிடமும் முதலில் அதைக் கேளுங்கள். ஆனால் பிரஷ் உரசுகிற ஸ்லிப் ரிங்கில் நகத்தை வைத்தால் குழிக்குள் இறங்கியது, பின் பெயரிங்கும் காய்ந்து கரகரத்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் முழுதாக ஒன்று போடுவது மேல்.

ஜப்பானில் பாவித்த ஒன்று வாங்கினோம். எலெக்ட்ரிக் சாமான் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பில்லில் முத்திரை குத்துகிறார்கள், அதனால் காசு கொடுக்க முதல் நானாவின் பெஞ்சில் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று சொல்லித்தான் எடுத்தேன். உங்களுடையதோடு ஒப்பிடவேண்டியது அம்பியர் அளவு, பிளக்கின் வடிவம், பூட்டுகிற காதுகள், புல்லியில் எத்தனை பள்ளம் என்பது. பள்ளம் வேறுபட்டால் பழைய புல்லியைக் கழற்றி மாற்றலாம், மற்றது எதுவும் பொருந்தாவிட்டால் எடுக்கவேண்டாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது. பகலில் நன்றாக ஓடி, இரவு நின்றால் மட்டும் பற்றரி இறங்குகிறது என்றால் சார்ஜ் ஏறாததாக இல்லாமல் எங்கோ மின்சாரம் ஒழுகுவதாக இருக்கலாம். டிக்கி லைட் அணையாமல் இருப்பது, பிறகு பூட்டிய செட், அம்ப்ளிபயர், இப்படி ஏதாவது. உள்ளே அடிபட்ட டயோட்டும் நிற்கிற காரில் பற்றரியைக் குடிக்கும். பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி நுனியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, மைனஸைத் திரும்பப் பூட்டி ஓர் இரவு வையுங்கள், காலையில் பற்றரி இறங்காமல் இருந்தால் கள்ளன் அதற்குள்தான்.

அந்த வயரைத் தொட முதல் பற்றரியின் மைனஸைக் கழற்றவேண்டும், எஞ்சின் நின்றாலும் அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஸ்பனர் காரின் இரும்பு உடம்பில் பட்டால் நெருப்புப் பறக்கும். மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பிளக், தடித்த வயர், பெல்ட்டை இறுக்குகிற ஆணி, கீழே நீளமான ஒரு ஆணி. என் தங்கையின் மகனோடு வீட்டு முற்றத்திலேயே பூட்டினேன், நீள ஆணி துருப்பிடித்து இருந்ததால் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடவேண்டியிருந்தது. வெடித்த பெல்ட் என்றால் அதோடு சேர்த்து மாற்றுங்கள். இறங்கின பற்றரியை வெளியில் சார்ஜ் பண்ணி நிரப்பிய பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் புதிதாகப் பூட்டியது முதல் நாளே முழு மூச்சில் ஓடிச் சூடாகும். பூட்டி முடித்ததும் எல்லா லைட்டும் போட்டு அளந்தேன், 14.1.

எஞ்சின் நிற்கும்போது, ஓடும்போது, எல்லாம் போட்டு ஓடும்போது, இந்த மூன்று அளவையும் எடுத்துக் கீழே எழுதுங்கள். சார்ஜ் லைட் திறப்பைத் திருப்பினவுடன் எரிகிறதா என்பதையும் பாருங்கள், அந்த பல்பு சுட்டுப்போயிருந்தால் அது உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.