செஞ்சி மலை ஏறும் பிள்ளைகளுக்கு எந்தச் செடியைக் காட்டலாம், எதைத் தொட விடக்கூடாது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மழைக்காலம் தொடங்கும் முன், புரட்டாசியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போகிறோம். ராஜகிரி ஏறும்போது வழியில் உள்ள மரஞ்செடிகளின் பெயரையும் பயனையும் சொல்லித்தர ஆசை. கண்டதைப் பறித்து வாயில் போட்டுவிடுவார்களோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பெற்றோரின் பயம் நியாயமானது. அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம், சொல்லித்தரும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஒரு செடியின் பயனை மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள். அதோடு குழம்பக்கூடிய நச்சுச் செடி எது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். ‘இது மருந்து’ என்று காதில் விழுந்தாலே, தின்றால் நல்லது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

இதற்குத் தேத்தான் மரமும் எட்டி மரமும் போல நல்ல பாடம் வேறில்லை. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, நம் பக்கத்து வறண்ட காடுகளில் வளர்பவை. இரண்டிலும் இலைகள் எதிரெதிராக இருக்கும், இலையின் அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் நுனியை நோக்கி ஓடும். எட்டியின் இலை சற்றுப் பெரிது, பளபளப்பு அதிகம். ஆனால் இலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், காயைப் பாருங்கள். தேத்தான் காய் சின்னது, பழுத்தால் கறுத்துவிடும், உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு உருண்டைக் கொட்டை. எட்டிப்பழம் ஆரஞ்சுப் பழத்தின் அளவும் நிறமும் கொண்டது. பார்க்க அழகாக இருப்பதுதான் ஆபத்து. உள்ளே இருக்கும் கொட்டைகள் சட்டைப் பொத்தானைப் போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், பட்டு மாதிரி மெல்லிய ரோமத்தோடு இருக்கும். அதில் உள்ள ஸ்டிரிக்னின் என்ற நஞ்சு தண்டுவடத்தைத் தாக்கி உடம்பு முழுக்க வலிப்பை உண்டாக்கும். ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்ற பழமொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சித்த மருத்துவத்தில் எட்டிக்கொட்டை உண்டு. முறைப்படி சுத்தி செய்த, அதாவது நச்சை நீக்கிய பிறகுதான் அது மருந்து, அந்த வேலை வைத்தியருடையது.

தேத்தாங்கொட்டையை மலை ஏறும் முன்பே வகுப்பறையில் காட்டிவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மழை பெய்து கலங்கிய கெடிலத்துத் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் எடுத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான கல்லில் சில துளி தண்ணீர் விட்டுக் கொட்டையை உரைத்தால் வெள்ளை விழுது வரும். அதை ஒரு டம்ளரில் மட்டும் கலக்கி, இரண்டையும் ஆடாமல் வைத்துவிடுங்கள். மிதக்கும் களிமண் துகள்களை விதையில் உள்ள பொருள்கள் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். கனம் கூடியதும் அவை அடியில் படியும். விழுது கலந்த டம்ளர்தான் முதலில் தெளியும். அந்தக் காலத்தில் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் இதைத் தேய்த்து வைத்தது இதனால்தான். தெளிந்த தண்ணீர் கிருமி நீங்கிய தண்ணீர் ஆகிவிடாது, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பயமில்லாமல் காட்டக்கூடியவையும் நிறைய உண்டு. துரிஞ்சி மரத்தைக் காட்டுங்கள். தலை தேய்த்துக் குளிக்கும் அரப்பு, அதன் இலையைக் காயவைத்து இடித்த பொடிதான். சோப்பைப் போல நுரை தரும் சாப்போனின் என்ற பொருள் இருப்பதால் நுரைக்கிறது. விராலி இலையைச் சுளுக்குக்கு வைத்துக் கட்டுவார்கள். ஆவாரம்பட்டை ஒரு காலத்தில் தோல் பதனிடப் பெரிய அளவில் பயன்பட்டது. ஆவாரம்பூக் கஷாயத்தை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது என்று பிள்ளைகள் மூலம் வீட்டுக்குச் செய்தி போனால் நல்லது. வெப்பாலையை அடையாளம் காண்பது எளிது: கிள்ளினால் பால் வரும், காய்கள் இரண்டிரண்டாகத் தொங்கும், இளங்காயில் இரண்டின் நுனியும் ஒட்டியிருக்கும். இதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாக மாறும். தோல் நோய்க்குச் சித்த மருத்துவர்கள் தருவது அந்தத் தைலம்தான்.

புரட்டாசியில் புதர்களின் மேல் செங்காந்தள் பூத்திருக்கக்கூடும். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. பூவைவிட இலையைக் காட்டுங்கள்: நுனி நீண்டு சுருண்டு, பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டிருக்கும். வேறு செடியோடு குழம்ப மாட்டார்கள். பூ இல்லாத காலத்தில் அதன் கிழங்கை உண்ணும் கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. செடி முழுவதிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. குன்றிமணியையும் பையில் போட்டுக்கொண்டு வர விடாதீர்கள். கடினமான தோல் உடையாதவரை அபாயம் குறைவு. கடித்தாலோ, மாலை கோக்க ஊசியால் குத்தினாலோ உள்ளே உள்ள அப்ரின் கொடிய நஞ்சு.

தின்னக் கேட்பார்கள். இலந்தை மார்கழி, தை மாதத்துப் பழம். பாலைப்பழம் கோடையோடு முடிந்திருக்கும். நீங்கள் போகும்போது கிடைக்கக்கூடியது சீத்தாப்பழம்தான். மலையில் பறிக்க வேண்டாம், கீழே கடையில் வாங்கிக் கொடுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. இலையைக்கூடக் கிள்ளாமல் பார்த்துப் பழகட்டும். சீத்தா விதையைப் பேனுக்கு அரைத்துத் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும்.

எல்லாரும் முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டு வரட்டும். தொட்டால் அரிக்கும் ரோமங்கள் உள்ள செந்தட்டிச் செடி உரசினால் தேய்க்காமல், செலோ டேப்பை ஒட்டி எடுத்தால் ரோமங்கள் அதோடு வந்துவிடும், பிறகு தண்ணீரில் கழுவுங்கள். பாறை ஓரத்தில் நிற்கும் சதுரக்கள்ளியை ஒடிக்க விடாதீர்கள். கள்ளிப்பாலோ எருக்கம்பாலோ கண்ணில் பட்டால், உடனே சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். இதற்காகவே குடிக்கிற தண்ணீர் தவிர இரண்டு லிட்டர் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

யாராவது எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லிவிட்டு 108-ஐ அழையுங்கள். தின்ற செடியின் இலை, காய் இரண்டையும் செல்போனில் படம் எடுத்து, மிச்சம் இருக்கும் துண்டை ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள்.