முதல் தடவை ஏறிய புரோகிராம் இரண்டாம் தடவை ஏறாதது ஏன்?

கேள்வி: எஸ்.ரி.எம்.32 எஃப்103 என்ற மைக்ரோகொன்ட்ரோலர் சிப் உள்ள புளூ பில் என்ற சிறு போர்டில், கணினியிலிருந்து புரோகிராம் ஏற்றும் எஸ்.ரி. லிங்க் வி2 கருவி கொண்டு பழகுகிறேன். கியூப் ஐ.டி.ஈ. மென்பொருளில் எழுதிய, எல்.ஈ.டி. மினுக்கும் புரோகிராம் முதலில் ஒழுங்காக ஏறியது. நேரத்தை மாற்றி மறுபடி ஏற்றினால் "நோ எஸ்.ரி.எம்.32 ராகெற் ஃபவுண்ட்" (சிப்பைக் காணவில்லை) என்கிறது. பழைய புரோகிராம் மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. போர்டு பழுதா?
– வாசகி, உப்புவெளி

பதில்: பழுதில்லை, புதிதாக வாங்கிவிடாதீர்கள். எல்.ஈ.டி. மினுக்குகிறதே, சிப் நன்றாகத்தான் இருக்கிறது. வழியை அடைத்தது நீங்கள் முதலில் ஏற்றிய புரோகிராம்.

எஸ்.ரி. லிங்க் சிப்போடு பேசுவது பி.ஏ.13, பி.ஏ.14 என்ற இரண்டு கால்கள் வழியாக. இந்த எஃப்1 வகைச் சிப்புக்குக் கியூப் ஐ.டி.ஈ.யில் புது புரொஜெக்ட் திறந்தால், "சிஸ்" பகுதியில் டிபக் (எஸ்.ரி. லிங்க் சிப்போடு பேசும் வழி) "நோ டிபக்" என்றே இருக்கும். அதை அப்படியே விட்டால், உருவாகும் கோட் சிப் இயங்கத் தொடங்கியதுமே அந்த இரண்டு கால்களையும் டிபக் வேலையிலிருந்து விடுவித்துவிடும். வெற்றுச் சிப்பில் இந்தச் சிக்கல் கிடையாது. அதனால்தான் முதல் தடவை ஏறியது. பழகுபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் போர்டைத் தூக்கி எறிகிறார்கள்.

மீட்பது சுலபம். போர்டில் பூட்0 என்று அச்சிட்ட ஜம்பரை (பின்களை இணைக்கும் சிறு மூடி) 1 பக்கம் மாற்றுங்கள். பூட்1 0 பக்கமே இருக்கட்டும். ரீசெற் பொத்தானை ஒருதரம் அழுத்துங்கள். இப்போது சிப் உங்கள் புரோகிராமை விட்டு உள்ளே நிரந்தரமாக இருக்கும் பூட்லோடர் என்ற தொடக்கப் புரோகிராமில் எழும்பும், மினுக்கம் நிற்கும். கியூப் புரோகிராமர் மென்பொருளில் எஸ்.ரி. லிங்க் வழியாகக் கனெக்ட் கொடுத்து முழுச் சிப்பையும் அழியுங்கள். ஜம்பரைத் திரும்ப 0க்குக் கொண்டுவந்து, டிபக்கை "சீரியல் வயர்" ஆக்கி, கோடை மறுபடி உருவாக்கி ஏற்றுங்கள்.

பூட்0 மாற்றியும் பிடிக்கவில்லையென்றால் வயரைப் பாருங்கள். 3.3 வோல்ற், டி.ஐ.ஓ. (தரவு), கிளொக், கிரவுண்ட் என நான்கே வயர். மலிவான எஸ்.ரி. லிங்க் பிரதிகளில் அலுமினிய உறையில் அச்சிட்ட வரிசையும் உள்ளே இருக்கும் வரிசையும் சிலவேளை ஒத்துப்போகாது. உறையை இழுத்துக் கழற்றி, எஸ்.ரி. லிங்க்கின் உள்போர்டிலேயே எழுதியிருப்பதைப் படியுங்கள். 5 வோல்ற் பின்னை 3.3இல் செருகினால் சிப் போய்விடும். புளூ பில் போர்டை இணைக்குமுன் 3.3 பின்னை மல்ரிமீற்றரால் ஒருதரம் அளந்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்.ரி. லிங்க் இணைப்பு நடுவில் அறுந்து அறுந்து போகிறது. வயரை நீட்டி 60 சென்ரிமீற்றர் ஆக்கியிருக்கிறேன்.
– வாசகர், நிலாவெளி

பதில்: 20 சென்ரிமீற்றருக்குள் குறையுங்கள். அதுவரை எஸ்.ரி. லிங்க் இணைப்பின் வேகத்தை 4000 கிலோஹேட்ஸிலிருந்து 480க்கு இறக்கிப் பாருங்கள். கடற்கரை வீடென்றால் பின்களில் உப்புக்காற்றின் கறுப்புப் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். தளர்ந்துபோன பெண்முனை வயரை மாற்றிவிடுங்கள்.