பதினைந்து சென்டிமீட்டர் என்றார்கள், இரண்டுகூடத் தேறவில்லை

கேள்வி: நாங்கள் செங்கோட்டையில் வசிக்கிறோம். மகள் அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருக்கிறாள். சென்ற மாதம் அங்கே 15 சென்டிமீட்டர் வரை பனி பெய்யும் என்று அறிவித்தார்கள். அவள் வீட்டு வாசலில் இரண்டு சென்டிமீட்டர்கூட விழவில்லை. ஜனவரியில் நாங்கள் அங்கே போகவிருக்கிறோம். இத்தகைய அறிவிப்பை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: விடையில் பாதி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் ஆரியங்காவில் மழை கொட்டித் தீர்க்கும் அதே நேரத்தில் புளியரையில் சாரலும், தென்காசிக்குக் கிழக்கே வெறும் காற்றும் இருப்பதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். நம் வானிலை அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மிகாமல் மழை பதிவாகும் என்பதே பொருள். மாவட்டத்துக்குக் கொடுத்த எச்சரிக்கையை நாம் நம் தெருவுக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மகள் படித்த அறிவிப்பிலும் கனமான சொல் ‘பதினைந்து’ அன்று, ‘வரை’ என்பதுதான்.

பஃபலோவில் விட்டுவிட்டுப் பெய்யும் பனியில் பெரும்பகுதி ஈரி ஏரியிலிருந்து பிறப்பது. ஏறத்தாழ 390 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. அதன் கிழக்கு முனையில் நகரம் இருக்கிறது. கடுங்குளிர்க் காற்று, இன்னும் வெதுவெதுப்பு ஆறாத ஏரி நீரின் மேல் நீளவாக்கில் ஓடிவரும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு மேலெழுந்து, மேகங்களை ஒற்றைப் பட்டையாகத் திரட்டுகிறது. அந்தப் பட்டையின் அகலம் பல நேரங்களில் 10 முதல் 30 கிலோமீட்டர்தான். காற்று தென்மேற்கிலிருந்து வீசினால் பட்டை நகரத்தின் மேல் நிற்கும். சற்றே திரும்பி நேர் மேற்கிலிருந்து வீசினால் தெற்குப் புறநகர்களுக்கு இறங்கிவிடும். 2014 நவம்பரில் தெற்குப் புறநகர்கள் சிலவற்றில் 150 சென்டிமீட்டருக்கு மேல் பனி குவிந்தபோது, சிறிது தொலைவு வடக்கே இருந்தவர்களுக்குச் சில சென்டிமீட்டரே கிடைத்தது. நம் பக்கம் மழையை மறிக்கும் மலை அசைவதில்லை என்பதால் எந்த ஊர் நனையும், எந்த ஊர் காயும் என்பது அனுபவத்திலேயே தெரிந்துவிடுகிறது. அங்கே அந்த எல்லைக்கோடே மணிக்கு மணி நகர்கிறது. பட்டை உருவாகும் என்பதை ஓரிரு நாள் முன்பே நன்றாகச் சொல்லிவிடலாம், அது எந்தத் தெருவில் நிற்கும் என்பதைச் சொல்வதுதான் கடினம்.

பட்டை வீட்டின் மேலேயே நின்றாலும் கணக்கு தவறுவதுண்டு. கணினி மாதிரிகள் முதலில் கணிப்பது நீரின் அளவை. அதைப் பிறகு பனியின் உயரமாக மாற்றுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பது பழைய பொது வாய்பாடு. ஆனால் உறைநிலையை ஒட்டிய ஈரப்பனி அதில் பாதி உயரமே வரும், நல்ல குளிரில் விழும் பொலபொலப்பான பனியோ இருமடங்காகக்கூட எழும். எனவே ஐந்து மில்லிமீட்டர் நீர், மேகத்துக்குள் இருந்த வெப்பநிலையைப் பொறுத்து, இரண்டரை சென்டிமீட்டராகவும் தரைக்கு வரலாம், பத்து சென்டிமீட்டராகவும் வரலாம். நீரைச் சரியாகக் கணித்தவரும் உயரத்தில் தோற்றுப்போவது இப்படித்தான்.

மேகத்துக்குக் கீழே காற்று வறண்டிருந்தால், பனி தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும். வறண்ட நாளில் மேகத்தின் அடியில் மழைக்கால்கள் தொங்கி, வயலுக்கு எட்டாமலே மறைந்துபோவதைப் போன்றதுதான் இது. தரை இளஞ்சூட்டில் இருந்தால் விழுவது விழ விழ உருகும். போதாததற்கு, விழுந்த பனி தன் எடையிலேயே அமுங்கும். இரவில் விழுந்ததைக் காலையில் வாசற்படியில் குச்சி வைத்து அளந்தால் குறைவாகவே காட்டும். அதனால்தான் அளவெடுப்பவர்கள் வெள்ளைப் பலகை ஒன்றைத் தரையில் வைத்து, குறித்த நேரங்களில் அளந்து துடைக்கிறார்கள்.

நீங்கள் ஜனவரியில் போவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐம்பெரும் ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது, சராசரி 19 மீட்டர். ஆகவே அது விரைவில் உறையும். உறைந்துவிட்டால் நீராவி வரத்து நின்று, ஏரியால் வரும் பனி வெகுவாகக் குறையும். பயணத்துக்கு முந்தைய வாரம் ஏரி எவ்வளவு உறைந்திருக்கிறது என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு நாள் முன்பே கைப்பேசிச் செயலி காட்டும் சென்டிமீட்டர் எண்ணை வைத்து விமானச் சீட்டை மாற்றாதீர்கள்; அந்தத் தொலைவில் அத்தகைய எண்ணுக்குப் பொருள் குறைவு. முந்தின நாள் வரும் அறிவிப்பில் மேல் எண்ணை மட்டும் பார்க்காமல் கீழ் எண்ணையும், காற்றின் திசையையும் பாருங்கள். மகள் வீட்டில் ஒன்றும் விழவில்லை என்பது அறிவிப்பு பொய்த்ததற்குச் சான்று ஆகாது. அன்று பக்கத்துப் புறநகரில் வண்டிகள் புதைந்திருக்கலாம். இறங்கும் நாளில் விமான நிலையத்திலிருந்து புறப்படுமுன் ரேடார் படத்தை அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும் சாலைக்குக் குறுக்கே பட்டை கிடந்தால், அது நகரும்வரை நிலையத்திலேயே ஒரு காபி குடித்துக் காத்திருப்பது நல்லது.